முறுக்கு டப்பாவில் பதினான்கு போன்கள்

வாலிநோக்கம் உப்பளத்தில் யாரும் போனை இடுப்பில் சொருகிக்கொண்டு பாத்தியில் இறங்குவதில்லை. அப்படி இறங்கியவர்கள் இன்றும் நன்றாக இருக்கிறார்கள். அவர்களுடைய போன்கள்தான் இல்லை. உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனால் போதும், மூன்றாம் நாள் போன் செத்துவிடும். அதனால் கொட்டகையில் ஒரு டப்பா உண்டு. கடைகளில் முறுக்கு அடைத்து வைப்பார்களே, சிவப்பு மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதுதான். விடிகாலையில் வந்ததும் பதினான்கு பேரும் அதில் போனைப் போடுவார்கள். வெயில் உச்சிக்கு ஏறி வேலை முடிந்ததும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தியான இருளம்மாள்தான் டப்பாவுக்குக் காவல்.

இருளம்மாளுக்கு உப்பளத்தில் கொடுத்த வேலை தேத்தண்ணி போடுவது, குடிதண்ணீர் பிடித்து வைப்பது, வந்தவர் பேரைக் குறிப்பது. யாரும் கொடுக்காத வேலை ஒன்றையும் அவளாகவே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவுக்குள் எந்தப் போன் மினுக்கினாலும் எட்டிப் பார்ப்பாள். திரையில் வந்ததை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். பிறகு கொட்டகை வாசலில் நின்று, கடைசிப் பாத்திவரை கேட்கிற மாதிரி சத்தம் போட்டுச் சொல்வாள். மைக்செட் வைத்தால்கூட அந்தத் தெளிவு வராது.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. கை இரண்டும் உப்பிலும் சேற்றிலும் ஊறிக் கிடக்கிறவர்களுக்கு அவள்தான் தபால்காரி. ரேஷன் கடையில் பருப்பு வந்ததும், கேஸ் சிலிண்டர் கிளம்பியதும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் திடீரென்று லீவு விட்டதும் அவள் வாயால்தான் தெரியும். பதினோரு வருஷமாக இப்படித்தான் நடந்தது.

மலிகாவுக்குத்தான் முதலில் அடி விழுந்தது. அவள் புருஷன் சவூதியில் டிரைவர். ஆசையாக ஒருநாள், 'கண்ணே சாப்பிட்டியா' என்று அனுப்பிவிட்டான். அதை இருளம்மாள் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், ரேஷன் பருப்பு வந்த தோரணையிலேயே கத்திச் சொன்னாள். ஒரு மாசத்துக்கு மலிகா எந்தப் பாத்தியைக் கடந்து போனாலும் யாராவது ஒருத்தி, "கண்ணே சாப்பிட்டியா" என்பாள். மலிகாவும் சிரித்தாள். ஆனால் புருஷனிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்த மனுஷன் 'நலம்' என்று மட்டும் அனுப்புகிறான். ஒரு வீட்டில் ஒரு 'கண்ணே' செத்துப் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முருகலட்சுமியும் அப்போது விழுந்து விழுந்து சிரித்தவள்தான்.

அடுத்த அடி அவளுக்கு விழுந்தது.

முருகலட்சுமிக்கு வயது முப்பத்தேழு. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின வாரம் அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். இருபத்தோரு வருஷம் கழித்து, மகளைப் பரமக்குடி காலேஜில் சேர்த்துவிட்டு வந்த கையோடு, விட்டதைப் பிடிக்கத் தனித்தேர்வராகப் பணம் கட்டினாள். எல்லாப் பாடமும் தேறிவிட்டது. கணக்கு மட்டும் காலை வாரியது. ரிசல்ட் போனுக்குத்தான் வரும் என்று தெரியும். அது முறுக்கு டப்பாவுக்குள் வரும் என்று யோசிக்கவில்லை. "ஏ முருகு, கணக்குல இருபத்திரெண்டாம்த்தா" என்று இருளம்மாள் கத்தியபோது அவள் தலையில் உப்புக் கூடை இருந்தது. இறக்கி வைத்து அழக்கூட முடியவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு உப்பளத்தில் பேர் 'இருபத்திரெண்டு'. பாசமாகத்தான் கூப்பிட்டார்கள். பாசமாகக் கூப்பிட்டால் வலிக்காது என்று யார் சொன்னது?

இந்த வருஷம் கணக்கை மட்டும் மறுபடி எழுதினாள். ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. அபிராமத்தில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து என்று ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். வந்தவளிடம் எத்தனை கிடா வெட்டினார்கள், கறிச்சோறு எப்படி என்று எல்லோரும் துருவியதில், நடக்காத விருந்துக்கு உப்பு உறைப்பு எல்லாம் அவள் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்காரர் வீரபத்திரனிடமும் மூச்சு விடவில்லை. தங்கமான மனுஷன். ஆனால் அவர் காதில் ஒன்றைப் போட்டால் படகுத்துறைக்கே போட்ட மாதிரி. மகளுக்கு ரகசியமாக எடுத்த தீபாவளிச் சட்டையைக்கூட நாலு நாள் முன்னாலேயே உளறிவிடுகிற ஆள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த முறை ரிசல்ட்டை முதலில் பார்ப்பது தன் கண்ணாக இருக்க வேண்டும். தேறினாலும் சரி, தேறாவிட்டாலும் சரி. இன்னொரு முறை இன்னொருத்தி வாயிலிருந்து அது வந்து விழுந்தால், இனிமேல் புத்தகத்தைத் தொடுவதில்லை என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டாள்.

அந்த ஆடியில் யாரும் எதிர்பாராமல் இரண்டு நாள் மழை அடித்துப் பாத்திகளைக் கரைத்துவிட்டது. உப்பளம் பத்து நாள் மூடிக் கிடந்தது. கடைசி நாளன்று, ரிசல்ட் வரும் வாரம் என்று பேப்பரில் பார்த்ததும், முருகலட்சுமி பஸ் ஏறிக் கடலாடிக்குப் போனாள். வாலிநோக்கத்திலும் போன் கடை இருக்கிறது. அங்கே போனால் விஷயம் அவளுக்கு முன்னால் வீடு வந்து சேரும்.

கடலாடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காஜா நவாஸின் கடை. அவள் கேட்டதை அவன் நிதானமாகக் கேட்டுக்கொண்டான். போன் பூட்டியிருக்கும்போது மெசேஜ் வந்தால், வந்தது என்று மட்டும் காட்டும், என்ன வந்தது என்று காட்டாது, அப்படி மாற்றிக் கொடுத்தான். கட்டைவிரலை வைத்தால் திறக்கிற மாதிரியும் பதிந்து கொடுத்தான். விரல் எடுக்காவிட்டால் போட நாலு இலக்க எண் ஒன்று வேண்டுமென்று போனை அவளிடமே நீட்டினான்.

"பொறந்த வருசம் போடாதீங்கக்கா. ஒண்ணு ரெண்டு மூணு நாலும் வேணாம். நீங்க வேல செய்யிற எடத்துல ஒருத்தருக்கும் தெரியாத நம்பரா போடுங்க. மறந்துறாதீங்க, தப்புத்தப்பா அடிச்சுக்கிட்டே இருந்தா பூட்டிக்கும். அப்பறம் உள்ள இருக்கிறத எல்லாம் அழிச்சாத்தான் போன் கிடைக்கும்."

சொல்லிவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டைப் பார்த்தான். எதற்கு அங்கே பார்க்கிறான் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. தன் எண்ணைத் தான் போடுவதற்காக ஒருத்தன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று விளங்கியபோது அவள் போனை விட்டுவிட்டு அவன் பின்னந்தலையைப் பார்த்தாள். முப்பத்தேழு வருஷத்தில் அவளுக்காக யாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை.

உப்பளத்தில் ஒருத்தருக்கும் தெரியாத எண் எது? அவளுக்கு உடனே ஒன்று தோன்றியது. போன வருஷம் அவளைக் கவிழ்த்த கணக்கின் விடை. ஆரம் பதினான்கு, உயரம் பதினைந்து, கூம்பின் கனஅளவு என்ன? அதே கணக்கை அந்த வருஷம் முழுக்க அவள் போட்டுப் பார்த்திருக்கிறாள். பஸ்ஸில் வரும்போது பில் தாளின் பின்பக்கம் போட்டு வைத்திருந்த அதன் விடையைப் பார்த்து எண்ணாகப் போட்டாள். தாளைக் கிழித்து வழியில் எறிந்தாள். மறந்தால் என்ன, கணக்குத்தான் மனப்பாடமாயிற்றே, போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று ரொம்ப கெட்டிக்காரத்தனமாக நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் உப்பளம் திறந்தது. ஏதோ விளம்பரம் வந்து டப்பாவுக்குள் முருகலட்சுமியின் போன் மினுக்கியது. 'ஒரு புதிய செய்தி' என்பதோடு நின்றுகொண்டது. இருளம்மாளுக்கு அது முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. பதினோரு வருஷத்தில் அவளிடம் கதவைச் சாத்திய முதல் போன். என்னிடம் மறைக்கிற அளவுக்கு அப்படி என்ன இருக்கிறது என்று எல்லோரிடமும் கேட்டாள். யாருக்கும் தெரியாததால் அவரவர் வசதிக்கு ஒரு பதில் சொன்னார்கள். முதல் நாள் முருகலட்சுமி துபாய்க்குப் போகப் போகிறாள் என்றார்கள். இரண்டாம் நாள் நிலம் வாங்குகிறாள் என்றார்கள். மூன்றாம் நாள், வீரபத்திரனுக்கு ராமேஸ்வரத்தில் இன்னொரு குடும்பம் இருப்பதாக முடித்தார்கள். ஒரு சட்டையை நாலு நாள் மறைக்கத் தெரியாத மனுஷனுக்கு இன்னொரு குடும்பமாம். முருகலட்சுமி வரப்பில் சேறு அப்பிக்கொண்டே தனியாகச் சிரித்தாள்.

நாலாம் நாள் காலை பத்து மணி இருக்கும். கொட்டகை வாசலில் இருளம்மாளின் குரல் கேட்டது. வழக்கமான கம்பீரம் இல்லை, கோபித்துக்கொண்டவள் குரல்.

"ஏத்தா முருகு, ஒனக்கு என்னமோ வந்திருக்கு. என்னன்னு ஒன் போனு சொல்ல மாட்டேங்குது."

முருகலட்சுமி சேறு தட்டும் பலகையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். குடிதண்ணீரில் கையைக் கழுவினாள். வேறு நாளாக இருந்தால் இருளம்மாள் அதற்கே ஒரு பாட்டம் திட்டியிருப்பாள். தலைத்துண்டில் ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கட்டைவிரலை வைத்தாள். போன் உறுமியது, திறக்கவில்லை. சேலையில் தேய்த்துவிட்டு மறுபடி வைத்தாள். திறக்கவில்லை. மலிகா தேங்காய் எண்ணெய் தொட்டு வந்து விரலில் தடவிவிட்டாள். வழுக்கியதுதான் மிச்சம். ஐந்தாம் முறைக்குப் பிறகு விரல் செல்லாது, எண்ணைப் போடு என்றது போன்.

அப்போதுதான் அவள் தன் விரலைப் பார்த்தாள். கடலாடிக்குப் போனபோது பத்து நாள் ஓய்வில் தோல் வளர்ந்து ரேகை தெளிவாக இருந்தது. முந்தின நாள்வரை விரலுக்குப் போன் திறந்தது. நாலு நாள் உப்புத்தண்ணீர் ரேகையை வழித்து எடுத்துவிட்டது. ரேஷன் கடை மிஷின் மாசாமாசம் முரண்டு பிடிப்பதும் இதே விரலிடம்தான். அது தெரிந்திருந்தும், உப்பு வாரும் கையை நம்பிப் பூட்டுப் போட்டவளை என்னவென்று சொல்வது.

எண் நினைவுக்கு வரவில்லை. ஒரு இலக்கம்கூட.

அதற்குள் சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. எதற்காக என்று தெரியாமலே எல்லோரும் உதவிக்கு வந்தார்கள். மகள் பிறந்த தேதியைப் போடு என்றாள் ஒருத்தி. கால் பெருவிரலை வைத்துப் பார் என்றாள் இன்னொருத்தி. பதினெட்டு வருஷம் பாத்தியில் நின்ற காலில் ரேகையைத் தேட வேண்டுமாம். இந்த இடத்திலேயே ரேகையோடு இருக்கிற விரல் இருளம்மாளுடையதுதான் என்று மலிகா ஒரு பேச்சுக்குச் சொல்ல, இருளம்மாள் சட்டென்று முந்தானையில் துடைத்துக்கொண்டு கட்டைவிரலை நீட்டிவிட்டாள். எல்லோரும் சிரித்ததில் முருகலட்சுமியும் சிரித்துவிட்டாள்.

அவள் கொட்டகை ஓரத்து ஈரக் களிமண்ணில் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒரு கருவேலங்குச்சியை ஒடித்துக் கணக்கைத் தரையில் எழுதினாள். பதினான்கைப் பதினான்கால் பெருக்கினால் நூற்றுத் தொண்ணூற்றாறு. ஏழால் வகுத்தால் இருபத்தெட்டு. அதை இருபத்திரண்டால் பெருக்கினால் அறுநூற்றுப் பதினாறு. உயரம் பதினைந்தால் பெருக்கினால் ஒன்பதாயிரத்து இருநூற்று நாற்பது. ஒன்பது, இரண்டு, நாலு, பூஜ்யம் என்று அடித்தாள். போன் தப்பு என்றது.

தரையில் எழுதியதை அவள் மறுபடி பார்த்தாள். இந்த ஒன்பதாயிரத்து இருநூற்று நாற்பதை அவளுக்குத் தெரியும். போன வருஷம் பரீட்சைத் தாளில் எழுதியதும் இதையேதான். ஒரு வருஷம் படித்துவிட்டு, அதே குழியில் அதே காலை வைத்திருக்கிறாள். இங்கே மறந்தவள் பரீட்சையிலும் மறந்திருந்தால்? திறக்காமலே இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

தலையை நிமிர்த்தினாள். எதிரே வரப்பு நெடுக, மழைக்குத் தப்பிய உப்பு வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. எல்லாம் அவள் கையால் குவித்தவை. எல்லாம் கூம்புகள்.

அப்போது ஞாபகம் வந்தது. பங்குனி மாசத்தில் ஒருநாள் யாரும் இல்லாதபோது தண்ணீர் டிரம் ஒன்றைக் காலி செய்து, அதே அகலத்துக்கு, அதே உயரத்துக்கு உப்பைக் குவித்து, அள்ளி அள்ளி டிரம்மில் கொட்டிப் பார்த்திருக்கிறாள். மூன்று குவியல் கொட்டியபோதுதான் டிரம் நிறைந்தது. ஒரு கூம்பு, டிரம்மில் மூன்றில் ஒரு பங்கு. பதினெட்டு வருஷமாகக் குவித்துக்கொண்டிருந்ததைப் புத்தகம் சொன்ன பிறகு அளந்து பார்த்து அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டாள். பரீட்சை ஹாலிலும் விடைத்தாளின் ஓரத்தில் முதல் வேலையாக மூன்று சின்னக் குவியல் வரைந்துகொண்டுதான் பேனாவையே எடுத்தாள். அதுவும் இப்போது ஞாபகம் வந்தது. மறக்கவில்லை. அங்கே மறக்கவில்லை.

தரையில் மூன்றால் வகுத்தாள். மூவாயிரத்து எண்பது.

போனை எடுத்தவள் அடிக்கப் போன விரலை நிறுத்தினாள். சுற்றிலும் பதின்மூன்று தலைகள் திரைக்கு மேல் குனிந்திருந்தன. தள்ளிப் போங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒரே தூக்குச்சட்டியில் கஞ்சி குடித்தவர்களிடம் அப்படி எப்படிச் சொல்வது? எல்லோரையும்விடக் கிட்டத்தில் இருளம்மாள் இருந்தாள். ஆனால் அவள் போனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பள்ளிக்கூடத்துக் கணக்கில்ல?" என்றாள் மெதுவாக.

இருளம்மாளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. தலையில் உப்புக் கூடையோடு நின்ற ஒருத்தியிடம் போன வருஷம் தான் கத்திச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அது முகத்திலேயே தெரிந்தது. அவள் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, தன் பழைய குரலை எடுத்தாள்.

"எல்லாரும் அங்கிட்டுத் திரும்புங்கடி. கடலப் பாத்து நில்லுங்க."

முதல் ஆளாகத் தானே திரும்பினாள். ஏன் எதற்கென்று புரியாமலே மற்றவர்களும் திரும்பினார்கள். பதின்மூன்று முதுகுகள் அவளுக்கு முன்னால் நெருக்கமாக வரிசை கட்டி நின்றன. அந்த வெட்டவெளியில், ஒரு கதவு இல்லை, ஒரு சுவர் இல்லை. முருகலட்சுமிக்கு ஒரு அறை கிடைத்துவிட்டது.

மூன்று, பூஜ்யம், எட்டு, பூஜ்யம். போன் திறந்தது.

கணிதம், அதற்கு நேரே 58, பக்கத்தில் தேர்ச்சி. ஒருமுறை வாசித்தாள். தன் பேரும் பதிவெண்ணும் சரியா என்று பார்த்துவிட்டு இரண்டாம் முறை வாசித்தாள். கண் கலங்கியதைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனவள், உப்புக் கை என்று ஞாபகம் வந்து புறங்கையால் துடைத்தாள். உலகத்தில் இந்த ஒரு விஷயம் அந்த நிமிஷத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அது அவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

முதுகுகள் பொறுமையாக நின்றன. மலிகா மட்டும் திரும்பாமலே கேட்டாள்.

"முருகக்கா, அந்தப் போன் கடை கடலாடியில எங்கன இருக்கு?"

"பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல."

"ஞாயித்துக்கெழம போறேன்" என்றாள் மலிகா. சவூதியில் இருக்கிற அந்தக் 'கண்ணே' பிழைத்துக்கொண்டது.

இருளம்மாளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கடலைப் பார்த்தபடியே, திரும்பலாமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் பொறு மதினி என்று சொல்லிவிட்டு முருகலட்சுமி மூன்றாம் முறை வாசித்தாள். அடுப்பில் தேத்தண்ணி பொங்கி வழிகிற வாசனை வந்தது. யாரும் அசையவில்லை.

பிறகு அவள் போனை மூடிக்கொண்டு எழுந்தாள். பின்னால் போய் இருளம்மாளின் தோளில் கை வைத்து, காதோடு காதாகக் கணக்கு மார்க்கைச் சொன்னாள். இருளம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்னது வெளியே விழுந்துவிடக்கூடாது என்பதற்காகவே பொத்தினாள். பிறகு கையை எடுத்து, பதினோரு வருஷத்தில் ஒருநாளும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"சொல்லலாமாத்தா?"

முருகலட்சுமிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"சொல்லு மதினி. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் நாஞ் சொல்லிக்கிறேன்."

இருளம்மாள் தலையாட்டினாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் சொருகினாள். கொட்டகை வாசலுக்குப் போய் நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். கேட்க வேண்டிய அத்தனை பேரும் பத்தடியில்தான் நின்றார்கள். ஆனாலும் அவள் கடைசிப் பாத்திவரைக்கும் கேட்கிற மாதிரியே கத்தினாள்.

"ஏ, கேட்டுக்கங்கடி. நம்ம முருகு கணக்குல அம்பத்தெட்டு."